போறணைக் கையும் டொக்டர் அமலாவின் வெப்பமானியும்

ஒட்டுப்பலகையில் குழந்தைகளுக்கான சூட்டுப்பெட்டி இரண்டு. செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலை பிடித்த பச்சைப் பிள்ளைகளுக்கு நீல விளக்குக் கட்டில் ஒன்று. சைக்கிள் சில்லுப் பூட்டிய, மணலில் புதையாத ஒட்சிசன் வண்டில் ஒன்று. சோளகக் காற்றில் கதவு அடித்துப் பிள்ளைகள் திடுக்கிடாமல் இருக்க, குழந்தைகள் வாட்டின் பதினொரு கதவுக்கும் ரயர் றப்பர் தடுப்பு. பால் காய்ச்சும் அறைக்குத் தண்ணீர் கொண்டுபோன குழாய் முழுவதும். யாரோ கைவிட்டுப் பற்றைக்குள் கிடந்த ஜெனரேற்றரைக் கழற்றிப் பூட்டி ஓட வைத்தது. இவ்வளவையும் எங்கள் ஆஸ்பத்திரியில் செய்தவன் நான். நான் படித்தது நான்காம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வாப்பாவோடு கடலுக்குப் போனேன். எனக்கு ஒரு சான்றிதழும் இல்லை. நான் செய்த பொருட்கள்தான் என் சான்றிதழ்.

ஊரில் என்னைக் கபூர் நானா என்பார்கள். நானா என்றால் அண்ணன். போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று புதுக் கட்டிடம் கட்டி, உள்ளே கண்ணாடிப் பெட்டி கண்ணாடிப் பெட்டியாக வரிசைக்கு நிற்கிறது. அதற்கு டொக்டர் அமலாவின் பெயரை வைக்கிறார்கள். மிகப் பொருத்தம். அந்த அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. திறப்பு விழாவுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "நீங்களும் அரைப் பக்கம் எழுதித் தாங்கோ நானா" என்று மலர்க்குழுவில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். அரைப் பக்கம் எனக்குக் காணாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அரைப் பக்கம் போதாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போன மாதம் டொக்டரின் மகள் நிரோஷி என் வீட்டுக்கு வந்தாள். ஒரே மகள். யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். சின்ன வயதில் இருந்து, பெரியவர்கள் கூப்பிடுவதைப் பார்த்து அவளும் என்னை நானா என்றுதான் கூப்பிடுவாள். தேத்தண்ணீரைத் தொடவில்லை. பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அம்மாவின்ர அலுமாரிக்க இருந்தது நானா. வாசியுங்கோ."

"இங்கிலீசு எனக்கு ஓடாது மகள். நீங்களே சொல்லுங்கோ."

"பெட்டிக்க வைச்ச பிள்ளைக்குச் சூடு கூடினதாம். அம்மாவின்ர கவனயீனமாம். அவவைக் கண்டிச்சு எழுதியிருக்கினம்." கடிதத்தைத் திரும்ப மடித்தாள். "மலருக்கு ஒருத்தர் இதைப் பற்றி ஒரு பந்தி எழுதித் தந்திருக்கிறார். தொடக்கத்தில ஒரு பிழை விட்டவ, அதில படிச்சுத்தான் பெரிய டொக்டரா வந்தவ எண்டு. கூடாமல் எழுதேல்லை. போடுறதோ விடுறதோ எண்டு என்னட்டக் கேட்டவை."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல. சூடு கூடின நாள் எண்டு அதில போட்டிருக்கிற திகதியைப் பார்த்தனான் நானா. அண்டைக்குத்தான் கோயில்ல என்ர முதல் நன்மை. அம்மா பாதிப் பூசையில எழும்பிப் போனவ. தான் விட்ட பிழையைத் திருத்தத்தான் போனவவோ?"

ஒருவர் கேட்டு முடிக்கும் முன்னே பதில் சொல்கிறவன் நான். அன்றைக்கு மட்டும், "ஒரு கிழமை தாங்கோ மகள், எழுதித் தாறன்" என்றேன். இதுதான் அது. மலர்க்குழுவும் வாசிக்கட்டும்.

எங்கள் சொந்த ஊர் மன்னாரில் முசலிப் பக்கம். சண்டைக் காலத்தில் முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போக வேண்டி வந்தபோது உடுத்த உடுப்போடு புத்தளம் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு பேக்கரியில் போறணைக்கு விறகு போடப் போனவன், இரண்டு வருடத்தில் போறணைக்கே பொறுப்பாகிவிட்டேன். பதினாறு வருடம். போறணை என்றால் பாண் வேகும் செங்கல் சூளை. அதற்கு ஏது வெப்பமானி? வாயில் கையை நீட்டி, மூன்று எண்ணும் வரைக்கும் வைத்திருக்க முடிந்தால் பாணுக்குச் சரி. ஐந்து என்றால் பணிஸுக்குச் சரி. என் கை சொன்னால் முதலாளி மறுபேச்சுப் பேச மாட்டார். ஒரு தட்டுப் பாண்கூட நான் கருக்கியதில்லை.

சண்டை முடிந்து திரும்பி வந்தபின் ஆஸ்பத்திரியில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். கூட்டுவது, கழுவுவது, வண்டில் தள்ளுவது. முதல் மாதமே தண்ணீர் மோட்டரைத் திருத்தினேன். அதன்பின் யாரும் என் கையில் தும்புத்தடியைத் தரவில்லை.

டொக்டர் அமலா வந்தது அதற்கு அடுத்த வருடம். வங்காலைக்காரி. பிள்ளைகளுக்கான வைத்தியர். ஆள் கட்டை, குரல் மெல்லிசு. ஆனால் வாட்டின் ஒரு தலைப்பில் அவர் வருகிறார் என்றால் மற்றத் தலைப்பில் இருக்கிறவர்கள் கை கழுவத் தொடங்கிவிடுவார்கள். கை கழுவுவதில் அவ்வளவு பிடிவாதம். முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட வேண்டும், விரல் இடுக்கு, நகக்கண், பெருவிரலைத் தனியாகப் பிடித்துத் திருக வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"நாங்கள் அருள்நிறைந்த மந்திரம் மூண்டு தரம் சொல்லுவம். நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?"

"அல்ஹம்து சூறா சொல்லலாம் டொக்டர்."

"எத்தினை தரம் சொன்னால் அந்த நேரம் வரும்?"

"ஆறுதலா ஓதினால் ஒருக்காக் காணும்."

"அப்ப ஆறுதலா ஓதுங்கோ. இவ்வளவு நாளும் விரசா ஓதியிருக்கிறீங்கள் போல. உங்கட நகத்தைப் பாருங்கோ."

குமாரி மிஸ் சிரித்துவிட்டா. குமாரி மிஸ் எங்கள் வாட்டின் மூத்த தாதி. அவ சிரித்தால் வாட்டே கேட்கும்.

டொக்டருடைய இன்னொரு பழக்கம், பிள்ளை மூச்சு விடுவதை ஒரு முழு நிமிடம் எண்ணுவது. மற்ற வைத்தியர்கள் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவார்கள். இவர் அப்படிச் செய்ய மாட்டார். "பிள்ளைகள் நாலால பெருக்கி மூச்சு விடுறேல்லை" என்பார். பின்னேரம் நான்கு மணிக்கு மகளிடம் இருந்து ரெலிபோன் வரும். கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். வீட்டில் டொக்டரின் தங்கச்சிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. ரெலிபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, "ஏழெட்டு எத்தினை? ஓம். ஏழொன்பது? ஓம், கெட்டிக்காரி. இப்ப ஒரு நிமிசம் பொறுங்கோ பிள்ளை" என்பார். அந்த ஒரு நிமிடமும் ஒரு குழந்தையின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள் எண்ணுவார். எண்ணி எழுதி முடிந்ததும், "ஏழு பத்து?" அந்தப் பக்கத்தில் மகள் ரெலிபோனை வைக்காமல் இருப்பாள். வாய்ப்பாடு முழுவதையும் அவள் அப்படித்தான் படித்தாள். நான் பார்த்த அளவில், அந்தத் தாய் தன் பிள்ளையைக் காக்க வைத்தது உண்டு. மறந்தது இல்லை.

இனிப் பெட்டியின் கதை. எங்களிடம் இருந்த ஒரேயொரு நல்ல சூட்டுப்பெட்டி பழுதாகி, திருத்தக் கொழும்புக்குப் போய், அங்கேயே இருந்துவிட்டது. மாதம் நிறையாமல் பிறக்கிற பிள்ளைகள் ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோதான் இருக்கும். அதுகளுக்குத் தங்கள் சூட்டைத் தாங்களே பிடித்து வைக்கத் தெரியாது. அம்புலன்ஸில் தூர இடத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வழியிலேயே குளிர்ந்துவிடும். மன்னார் வெயிலில் குளிர்ந்து போகிறது என்றால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு கிழமையில் இரண்டு பிள்ளைகள் அப்படிப் போன பிறகு டொக்டரிடம் போனேன்.

"டொக்டர், நான் ஒரு பெட்டி செய்யிறன்."

"உங்களுக்குத் தெரியுமோ நானா?"

"போறணை தெரிஞ்சவனுக்கு இது ஒரு சின்னப் போறணைதானே."

"போறணை எண்டு வெளியில சொல்லிப் போடாதேங்கோ. தாய்மார் பயப்பிடுவினம்" என்றார். பிறகு, "செய்யுங்கோ. ஒவ்வொண்டையும் எனக்குக் காட்டிச் செய்யுங்கோ" என்றார்.

பதினெட்டு நாளில் செய்தேன். இரட்டைச் சுவர், நடுவில் பஞ்சு. கீழ்த்தட்டில் நாலு பல்ப், ஒவ்வொன்றையும் தட்டி அணைக்கத் தனித்தனி ஆளி. பல்புக்கு மேலே தண்ணீர்த் தட்டு, காற்று காய்ந்து போகாமல் இருக்க. சூடு பின்சுவரால் ஏறி, கூரையை உரசி, பிள்ளையின் கால்பக்கமாக இறங்கிச் சுற்ற வேண்டும். இது போறணைக்காரனுக்கு மட்டும் தெரிந்த வித்தை. மேலே தெளிந்த பிளாஸ்ரிக் மூடி, கை விட இரண்டு வட்ட வாசல், பக்கத்தில் தக்கை வைத்துச் செருகிய வெப்பமானி. டொக்டர் மூன்று நாள் வெறும் பெட்டியை ஓட விட்டு, அரை மணிக்கு ஒருக்கா இலக்கம் எழுதினார். பிறகுதான் பிள்ளையை வைக்க விட்டார்.

அவர் போட்ட சட்டம் இதுதான். பெட்டியின் சூடு முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆளியைத் தட்டி ஒரு பல்பை நூர்க்க வேண்டும். அரை மணிக்கு ஒருக்கா ஒருவர் இலக்கத்தை வாசித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். சொல்கிறவரும் எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஒரு தரம் நான் கையை உள்ளே விட்டு, "சரியா இருக்கு டொக்டர்" என்றேன். "எனக்குக் கையைச் சொல்லாதேங்கோ நானா. இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்றார். மனதுக்குள் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். பதினாறு வருடக் கை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பெட்டிக்குள் முள்ளிக்குளத்து ஜெசிந்தா என்கிற இளம் தாயின் முதல் குழந்தை. பெண் குழந்தை. ஒரு கிலோவும் கொஞ்சமும். பிறந்து நாலாம் நாள். டொக்டர் அதற்கு முன் மூன்று மாதமாக ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. அன்றைக்கு வங்காலைக் கோயிலில் மகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற பூசை. காலையில் வந்து குழந்தையைப் பார்த்து, எல்லாம் சரி என்று எழுதி, இன்னொரு வைத்தியருக்குச் சொல்லிவிட்டுப் போனார். பட்டுச்சேலை. அவரைப் பட்டுச்சேலையில் அன்றைக்குத்தான் நாங்கள் பார்த்தோம். வாசலில் நின்று, "நானா, இலக்கம்" என்றார். "நீங்கள் போய் வாங்கோ டொக்டர், பெட்டி என்ர பிள்ளை மாதிரி" என்றேன்.

வாட்டு நிறைய வயிற்றோட்டப் பிள்ளைகள். குமாரி மிஸ் தனியாள், ஒவ்வொன்றுக்கும் சேலைன் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டு நின்றா. நான் வாசிக்க வேண்டும், அவ எழுத வேண்டும். முதல் நாள் பெட்டியைத் துடைக்கும்போது வெப்பமானி கைதவறி விழுந்திருந்தது. உடையவில்லை. எடுத்துத் தக்கையில் திரும்பச் செருகினேன். ஞாயிற்றுக்கிழமை கந்தோர், கடை எல்லாம் பூட்டு. அந்த நாட்களில் மின்சாரம் கூடி வரும், பல்ப் கூடுதலாக எரியும். இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது.

ஒன்பது மணிக்குப் பார்த்தேன். முப்பத்தேழு. விழுந்த வெப்பமானிக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கையை வட்ட வாசலால் உள்ளே விட்டேன். மா பொங்க வைக்கிற இளஞ்சூடுகூட இல்லை. என் கைக்கு அப்படித்தான் தெரிந்தது.

"எவ்வளவு நானா?" என்று குமாரி மிஸ் தூரத்தில் இருந்து கேட்டா.

"முப்பத்தஞ்சு எழுதுங்கோ மிஸ்."

ஒன்பதரைக்கு வெப்பமானி முப்பத்தெட்டு. கை விட்டுப் பார்த்தேன். "முப்பத்தஞ்சு." பத்து மணிக்கு முப்பத்தொன்பது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதைக் கழற்றி எறிந்துவிட்டு நாளைக்குப் புதிது வாங்க வேண்டும் என்று நினைத்தேன். "முப்பத்தஞ்சு மிஸ்." அவ எழுதினா. மூன்று தரம் நான் சொன்னேன், மூன்று தரம் அவ எழுதினா. ஒரு பல்பையும் நான் நூர்க்கவில்லை.

பத்தரைக்குக் கொஞ்சம் முன் ஜெசிந்தா பெட்டியடியில் வந்து நின்றாள். "நானா, பிள்ளை ஏன் இப்பிடிச் சிவந்திருக்கு?" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். குழந்தை வேகவைத்த இறால் நிறத்தில் இருந்தது. ஒரு கை வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு அந்த இழுப்பும் நின்றது. நெஞ்சு ஏறவில்லை.

மற்ற வைத்தியர் ஒப்பரேசன் தியேட்டரில், ஒரு பிள்ளைப்பேற்றில் நின்றார். நான் டொக்டருக்கு ரெலிபோன் எடுத்தேன். கோயிலில் பாட்டுச் சத்தம் கேட்டது.

"டொக்டர், பிள்ளை மூச்சு விடேல்லை."

"பெட்டிக்கு வெளியால எடுங்கோ. குமாரி மிஸ்ஸை அம்பு பாக் பிடிக்கச் சொல்லுங்கோ. ஒட்சிசன் குடுங்கோ. உடுப்பைக் கழட்டுங்கோ. நான் வாறன்."

அம்பு பாக் என்பது வாயிலும் மூக்கிலும் வைத்து, கையால் அமத்திக் காற்றுக் கொடுக்கிற பை. குமாரி மிஸ் அதை அமத்த, நான் என் ஒட்சிசன் வண்டிலை இழுத்து வந்தேன். டொக்டர் வந்து சேர எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பட்டுச்சேலையில் முழங்கால் வரைக்கும் மணல். வந்தவர் முதலில் கை கழுவினார். அந்த நேரத்திலும் பெருவிரலைத் தனியாகப் பிடித்துத் திருகிக் கழுவினார். பிறகு குழந்தையின் கக்கத்தில் தன் வெப்பமானியை வைத்தார். நாற்பது. பெட்டியில் தொங்கிய தாளைப் பார்த்தார். முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தைந்து. பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

ஈரத்துணியால் மெல்ல மெல்லத் துடைத்தார். "ஐஸ் வேண்டாம், சட்டெனக் குளிர்ந்தால் அதுவும் ஆபத்து" என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே துடைத்தார். கொப்பூழ் நரம்பால் மருந்தும் சேலைனும் கொடுத்தார். குமாரி மிஸ்ஸின் கை சோர்ந்தபோது பையைத் தான் வாங்கினார். ஒரு அமத்து, இரண்டு எண்ணுவார், அடுத்த அமத்து. ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நடுவில் ஜெசிந்தா, "சாமியாரைக் கூப்பிடட்டோ டொக்டர்? ஞானஸ்நானம் குடுக்கவோ?" என்று அழுதாள்.

"கூப்பிடுங்கோ. ஆனால் நான் கையை எடுக்க மாட்டன். அவர் மற்றப் பக்கத்தில நிண்டு குடுக்கட்டும்."

சாமியார் வர முன்னமே குழந்தை தானாக ஒரு மூச்சு எடுத்தது. டொக்டர் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இன்னொன்று. இன்னொன்று. உடனே கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். முழு நிமிடம். எண்ணி முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார். குழந்தையைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கவில்லை. ஜெசிந்தாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக் கட்டிவிட்டார். "இண்டைக்கு நீதான் பெட்டி" என்றார்.

மகள் நிரோஷி, இதை நீங்கள் கவனமாக வாசியுங்கோ. பின்னேரம் உங்களை உங்கள் சித்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தா. வெள்ளைச் சட்டை, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தீர்கள். உங்கள் அம்மா வந்து சீமெந்து நிலத்தில் உங்களுக்கு முன்னால் குந்தினார்.

"எனக்கு முதல்ல இருந்து சொல்லுங்கோ. ஆர் உங்களுக்கு முன்னால நிண்டது? எந்தக் கால் முதல் வைச்சீங்கள்? நான் பார்க்காத ஒண்டையும் விடக் கூடாது."

நீங்கள் மெல்ல எழும்பினீர்கள். பிறகு, "நடந்து காட்டட்டோ?" என்றீர்கள். வாட்டுக்கு முன்னால் இருக்கிற நீட்டு விறாந்தையில் மெழுகுதிரியோடு நடந்தீர்கள். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார் ஒவ்வொருவராக எழும்பி நின்றார்கள். எங்கள் ஆட்கள், உங்கள் ஆட்கள், முருங்கன் பக்கத்து ஆட்கள், எல்லாரும். விறாந்தை முடிவில் உங்கள் அம்மா முழங்காலில் நின்றார். இது உங்களுக்கு நினைவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு இருக்கிறது. ஜெனரேற்றர் அறை வாசலில் நின்று பார்த்தேன். அதுவரைக்கும் வெப்பமானியில்தான் பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றவன், அந்த இடத்தில்தான் அதை நிறுத்தினேன்.

அடுத்த நாள் காலை டொக்டர் என்னைப் பால் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் மூன்று பேசின், மூன்றிலும் தண்ணீர். மூன்றையும் துவாயால் மூடியிருந்தார்.

"நேற்று ஆர் வாசிச்சது?"

"நான் டொக்டர்."

"எதால?"

"கையால."

"சரி. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொண்டா கையை வையுங்கோ. எது கூடச் சூடு எண்டு சொல்லுங்கோ."

வைத்தேன். முதலாவதுதான் கூட என்றேன். திரும்ப வைக்கச் சொன்னார். மூன்றும் ஒன்று என்றேன். மூன்றாம் தரம் நடுவில் இருப்பது என்றேன். குமாரி மிஸ்ஸைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். அவ கையை வைத்த உடனே, "இது குளிர், இது சரி, இது சுடுது டொக்டர்" என்றா. டொக்டர் துவாயை எடுத்து வெப்பமானியைக் காட்டினார். முப்பத்தினாலு, முப்பத்தேழு, நாற்பது. நான் சூடு என்று முதலில் சொன்னது முப்பத்தினாலை.

"எத்தினை வருசம் நானா போறணைக்க இந்தக் கையை விட்டனீங்கள்?"

"பதினாறு."

என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நாய்ப்பாதம் மாதிரித் தடித்த தோல். விரலால் அழுத்தினார். அழுத்துவது எனக்குத் தெரிந்தது. அவர் விரலின் சூடு தெரியவில்லை.

"இது பிள்ளைச் சூட்டுக்குச் செத்த கை நானா. பாணுக்கு மட்டும்தான் உசிரோட இருக்கு. இந்தக் கையால ஆணி அடியுங்கோ, கம்பி முறுக்குங்கோ, என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. பிள்ளையின்ர சூட்டை மட்டும் இதுட்டக் கேக்காதேங்கோ."

ஏசவில்லை. அவர் ஏசியிருந்தால் நான் ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

இரண்டு கிழமைக்குள் அந்தப் பெட்டியின் படம் எப்படியோ மேலிடத்துக்குப் போய்விட்டது. ஜெசிந்தாவோ புருசனோ முறையிடவில்லை. "பிள்ளை உசிரோட இருக்கு, எங்களுக்கு என்ன" என்றார்கள். என்றாலும் ஒரு மாத்தயா, மேலிடத்து அதிகாரி, விசாரணைக்கு வந்தார். அனுமதி இல்லாத பெட்டியை யார் வைத்தது, இந்த முப்பத்தைந்தை யார் எழுதியது என்று கேட்டார். எழுத்துக் குமாரி மிஸ்ஸுடையது. அவ என்னைப் பார்த்தா. நான் அப்போது தினக்கூலி. நிரந்தர நியமனத்துக்கு என் பெயர் போயிருந்த மாதம். வீட்டில் ஐந்து பிள்ளைகள். நான் வாயைத் திறக்கலாம் என்று நினைக்கும் முன் டொக்டர் பேசிவிட்டார்.

"பெட்டியை வைக்கச் சொன்னது நான். ஆர் வாசிக்க வேணும் எண்டு தீர்மானிச்சதும் நான். எழுதியிருக்கிற இலக்கத்துக்கு நான்தான் பொறுப்பு."

மாத்தயா மற்றவர்களிடம் கேட்பதை அத்தோடு நிறுத்திவிட்டார். வெளியே வந்ததும் நான், "டொக்டர், நான் போய் உண்மையைச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். கேட்டது உண்மை. அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு கேட்டதும் உண்மை.

"பேசாமல் இருங்கோ நானா. என்னை அவையள் கண்டிப்பினம், நாளைக்கும் நான் வேலைக்கு வருவன். உங்களை அனுப்பிப் போடுவினம். பிறகு அந்த ஜெனரேற்றரை ஆர் பார்க்கிறது? நீங்கள் அதுக்கு ஈடா ஒரு வேலை செய்யுங்கோ. சூடு கூடினால் தானா நூருற மாதிரி எனக்கு ஒரு பெட்டி வேணும்."

அந்த வருடம் அவர் மேற்பயிற்சிக்கு வெளிநாடு போக இருந்தார். மகளையும் கூட்டிப் போக அவளுக்குப் பாஸ்போட் எடுத்து வைத்திருந்தார். அந்தக் கடிதம் வந்த பிறகு பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. குமாரி மிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் கேட்ட பெட்டியை நான் செய்தேன். முருங்கனில் கோழிக்குஞ்சு பொரிக்கிற மெஷின் வைத்திருந்த ஒருவரிடம் போய், சூடு ஏறினால் மின்சாரத்தைத் தானாக வெட்டுகிற கருவியைப் பார்த்து, அதே மாதிரி ஒன்று எடுப்பித்து, இரண்டாவது பெட்டியில் பூட்டினேன். கூடவே ஒரு மணி. முப்பத்தைந்தரைக்கு மேல் போனால் பல்ப் நூரும், மணி அடிக்கும், வாட்டே எழும்பும். வெப்பமானி இரண்டு வைத்தேன், ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்ல. புதுக் கண்ணாடிப் பெட்டிகள் வரும் வரைக்கும் அந்தப் பெட்டிதான் ஓடியது. அதில் படுத்த பிள்ளைகளில் ஒன்றுக்கும் அப்படிச் சூடு கூடவில்லை. கொழும்பில் இருந்து வந்த பொறியியலாளர் ஒருவர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். யாரிடம் படித்தாய் என்று கேட்டார். டொக்டர் அமலாவிடம் என்றேன். அவர் நம்பவில்லை.

ஜெசிந்தாவின் மகள் இப்போது பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் ஓடுகிறாள்.

இப்போது மலர்க்குழுவுக்குச் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய மாதிரிப் பிரதியைப் பார்த்தேன். "ஆரம்ப காலத்தில் ஊழியர்களின் உதவியோடு ஒரு பெட்டி அமைக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. ஊழியர்கள் என்று ஒருவரும் இல்லை. அதை அமைத்தவன் சேகு லெப்பை அப்துல் கபூர். நீல விளக்குக் கட்டிலுக்கும் வண்டிலுக்கும் அதே பெயரைப் போடுங்கள். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. செய்தவன் கேட்கிறான்.

அதே பக்கத்தில், டொக்டர் அமலா தொடக்கத்தில் விட்ட பிழை என்று ஒரு பந்தி இருக்கிறது. அதை வெட்ட வேண்டாம். திருத்துங்கள். வெப்பமானி முப்பத்தேழும் முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதும் காட்ட, முப்பத்தைந்து என்று மூன்று தரம் சொன்னது நான். குமாரி மிஸ் நான் சொன்னதை எழுதினா. டொக்டர் கோயிலில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். விசாரணையில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அவர் கடிதத்தை வாங்கினார். அவர் பூசையில் எழும்பி வந்தது என் பிழைக்கு. அவருடைய பிழை என்று அந்த நாளில் ஒன்றும் இல்லை.

நிரோஷி மகள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அச்சில் வர வேண்டும். பெட்டிக்கு என் பெயரைப் போட்டு, பிழைக்கு "ஒரு ஊழியர்" என்று போடுவீர்களாக இருந்தால், இரண்டையும் எடுத்துவிடுங்கள், எனக்கு மலர் வேண்டாம். போட்டால் இரண்டு இடத்திலும் என் பெயர் முழுதாக, ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும்.